ஆறாவது மொட்டு

என் தொழிலைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. நம்பிய பிறகு சிரிப்பார்கள். நாமக்கல்லில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில், பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துக் கொடுக்கிறேன். முட்டைக்காகக் கோழி வளர்ப்பவர்களுக்குச் சேவல் தண்டத் தீனி. அதனால் குஞ்சைக் கையில் எடுத்து, இறக்கையை விரித்து, கீழ்வரிசை இறகு நீண்டிருந்தால் பெட்டை, வலப்பக்கப் பெட்டி; மேல்வரிசையோடு சமமாக இருந்தால் சேவல், இடப்பக்கப் பெட்டி. ஒரு குஞ்சுக்கு ஒரு நொடி. இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'செக்ஸர்' என்று ஒரு பெயர் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டபோது, மரியாதையாக இருக்கட்டுமே என்று அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்லித் தொலைத்தேன். வருங்கால மாமனார் காப்பி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "கோழிக்குங்க" என்று நான் அவசரமாகச் சேர்த்த பிறகுதான் மறுபடி எடுத்தார்.

தவறே வராது என்று சொல்லமாட்டேன். எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் இருக்கிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை போன் செய்வார். "ஏனுங்க மாஸ்டர், நீங்க குடுத்த பொட்டக்கோழி ஒண்ணு வெடியால கூவுதுங்க. முட்டை எப்பங்க போடும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார். அவர் ஒருவரைத் தவிர மற்றபடி என் கண்ணுக்கு இந்த வட்டாரத்தில் நல்ல பெயர். அந்தப் பெயரை நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததால் வந்தது என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஆள் கடல் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனதற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெண் பல் மருத்துவர் வலிக்காமல் பிடுங்குவார் என்றார்கள். போய்க் காத்திருந்த அறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் பழுப்பாக ஏதேதோ படர்ந்த கற்களின் அடுக்கு. நடுவில் இருந்த கல் மீது, கைக்குட்டையை விரித்துப் போட்ட மாதிரி, சுண்டைக்காய் பருமனில் நூற்றுக்கணக்கான பூக்கள். விளிம்பு ஊதா. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று. எல்லாம் ஒரே நேரத்தில் மெதுவாக அசைந்தன. என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். காதில் விழவில்லை.

"அது பூ இல்லைங்க அண்ணா, உயிரு. பூப்பவளம்" என்றார் டாக்டர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். "நடுவுல ஆரஞ்சா இருக்கே, அதுதான் வாய். சுத்தி இருக்கறது விரல். எனக்கு நாள் முழுக்க வாயையே பார்க்கணும்னு எழுதியிருக்கு. நாற்காலியிலயும் வாய், தொட்டியிலயும் வாய். இங்க இருக்கறதுங்க மட்டும்தான் கத்தாது."

மருத்துவமனை திறந்த வருடம் சென்னையில் யாரோ இரண்டே தலைகள், அதாவது இரண்டே பூக்கள், கொடுத்தார்களாம். பதினோரு வருடத்தில் கல்லை மூடிவிட்டது. எத்தனையோ பேர் ஒரு துண்டு கேட்டும் அவர் கிள்ளிக் கொடுத்ததில்லை. இப்படி ஒன்று வேறு எங்கேயும் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு அது புரிந்தது. பெருமை என்றால் எனக்கு எப்போதும் உடனே புரிந்துவிடும்.

பல் போன வீக்கம் வடியும் முன்பே வீட்டில் இரண்டரை அடித் தொட்டி வைத்துவிட்டேன். கடல் தண்ணீருக்கு, சுத்தம் செய்த தண்ணீரில் அதற்கென்று விற்கிற உப்பைக் கரைக்க வேண்டும். நாமக்கல்காரன் மூளை என்ன சொல்லும்? எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்புதானே, பாதி வேலை பூமிக்குள்ளேயே முடிந்துவிட்டது, உப்பு பாதி போட்டால் போதும். போட்டேன். மூன்றாம் நாள், வாங்கி விட்ட மீன்கள் எல்லாம் மல்லாந்தன. கண்ணாடியில் சுவருக்கு அடித்த மாதிரி வெள்ளை படிந்தது.

"அந்தத் தண்ணியில துணி தொவச்சா நொரையே வராதுங்க. அதுல மீன் வளக்கறாராம், மீனு" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தையல் இயந்திரமும் தொட்டியும் ஒரே அறையில் இருப்பதால் என் ஒவ்வொரு தோல்விக்கும் அவள் நேரடிச் சாட்சி. பிறகு சுத்திகரிப்பு இயந்திரம் வைத்து, உப்பைச் சரியாகப் போட்டு, கோழிக் கொட்டகை மின்விசிறியைத் தண்ணீர் மேல் ஓடவிட்டுச் சூட்டைக் குறைத்து, இரண்டு கோமாளி மீன்களை உயிரோடு நிறுத்தினேன். ஆனால் தொட்டி மொட்டையாக இருந்தது. பூப்பவளம் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. இல்லை என்றுதானே சொல்வார்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார். "அண்ணா, எல்லாம் போச்சு."

சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்காக நான்கு நாள் வெளியூர் போயிருக்கிறார். கரண்ட் போய், இன்வெர்ட்டர் பேட்டரி கைவிட்டு, தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்கள் நின்றிருக்கின்றன. கோடையின் சூட்டில் ஒன்று செத்து, அது அழுகி அடுத்ததைக் கொன்று, திரும்பி வந்தபோது அறைக்குள் நுழைய முடியாத நாற்றம்.

நான் போனபோது மாதா படத்தின் கீழே தொட்டி காலியாக இருந்தது. கழுவிய கற்கள் ஒரு நீல டிரம்மில் கிடந்தன. உள்ளே சின்ன மோட்டார் ஒன்று ஓடியது.

"கல்லுக்குள்ள இன்னும் உயிர் இருக்கும். குப்பையில போட மனசு வரலை. நீங்க எடுத்துக்கோங்க" என்றார்.

கடலில் இருந்து பவளம் எடுப்பது நம் நாட்டில் குற்றம். இவை அப்படி வந்தவை அல்ல. சிமெண்டும் சிப்பித் தூளும் கலந்து வார்த்து, வருடக்கணக்காகத் தொட்டியில் ஊறி உயிர் பிடித்தவை. மற்ற தொட்டிகளிலிருந்து வந்த துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டு, டிக்கெட் எடுக்காத பயணிகளைப் போல என்னென்னவோ அவற்றின் பொந்துகளுக்குள் குடியேறியிருக்கும்.

"அந்த ஊதாப் பூவுங்க?" என்று கேட்டேன்.

"அழுகினதை நானே சுரண்டிப் போட்டேன்" என்றார். டிரம்மை எட்டிப் பார்த்தார். "எங்கயாவது பொந்துல ஒரு துளி ஒட்டியிருந்தாக்கூடத் திரும்ப முளைக்கும்னு சொல்வாங்க. நான் பார்த்த வரைக்கும் இல்லை. உங்ககிட்ட ஏதாவது முளைச்சா மட்டும் சொல்லுங்க அண்ணா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"டாக்டரம்மா, நீங்க கவலையே படாதீங்க. ஒரு நொடி போதுமுங்க எனக்கு. என்ற கண்ணுக்குத் தப்பிச்சு ஒண்ணும் முளைக்க முடியாது" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன். சொன்னேனே!

கற்களை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கோழிக்குஞ்சுப் பெட்டிகளில் அடுக்கி, சேலம் பஸ் நிலையத்தில் நாமக்கல் பஸ்ஸில் ஏற்றினேன். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட அந்தப் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்ததுமே கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"குஞ்சு ஏத்தமாட்டனுங்க. நாத்தம் தாங்காது."

"குஞ்சு இல்லீங்க, கல்லு."

"கல்லுக்கு எதுக்குங்க காத்து போற ஓட்டை?"

அவர் தாளை விலக்கினார். முடி முளைத்த சிவப்புப் புழு ஒன்று கல்லின் பொந்திலிருந்து தலையை நீட்டி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனது.

"கல்லு நெளியுதுங்க!" என்று கத்தியபடி பஸ்ஸின் முன்பக்கம் போனவர், பெட்டிக்கு டிக்கெட் கேட்கவே வரவில்லை. கடைசி சீட்டு முழுவதும் எனக்கும் கற்களுக்கும்.

கற்கள் தொட்டிக்குள் போன முதல் வாரம் நான் வேலைக்குப் போய்வந்த நேரம் தவிர மற்றதெல்லாம் கண்ணாடியோடுதான். ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆள் பொந்தைவிட்டு வெளியே வந்தான். விசிறி மாதிரித் தலையை விரித்து, நிழல் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும் குழாய்ப் புழு. அரை நகம் அளவில் நட்சத்திர மீன். கண்ணாடி மேல் ஊரும் புள்ளி நத்தை. ஒவ்வொன்றையும் படமெடுத்து, கடல் தொட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெயர் கேட்டேன். இரண்டாவது வாரத்தில் நானே மற்றவர்கள் போடும் படங்களுக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். படம் வந்த நொடியே பதில். சரியோ தவறோ, வேகத்துக்கு ஒரு மரியாதை இருக்கத்தானே செய்கிறது. அங்கேயும் "மாஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வேண்டாத விருந்தாளியும் வந்தது. எய்ப்டேசியா என்று பெயர். தென்னங்கன்று மாதிரி நீளத் தண்டு, உச்சியில் ஒல்லியான கூர்மையான விரல்கள், உடம்பு உள்ளே தெரிகிற கண்ணாடிப் பழுப்பு. பூப்பவளத்தையும் மீனையும் கொட்டும். ஒன்றைக் கிள்ளினால் பத்தாக முளைக்கும். இதைக் கொல்லச் சுண்ணாம்பைக் கூழாகக் கரைத்து வாய்க்குள் செலுத்த வேண்டும் என்று குழுவில் சொன்னார்கள். வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் கோழித் தடுப்பூசி போடும் ஊசிக்கும் எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஊசியோடு தொட்டி முன் நிற்பேன். இது சேவல், இது சேவல் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கதை முடித்தேன். உண்மையைச் சொன்னால் மீன் வளர்ப்பதைவிட அது எனக்குப் பிடித்துப்போனது.

பொரிப்பு இல்லாத ஒரு விடுமுறை நாள் காலை. பெரிய கல்லின் தோள் மாதிரி இருந்த இடத்தில் பழுப்பாக ஆறு மொட்டுகள் தெரிந்தன. மிளகு அளவு. எல்லாம் மூடிக்கிடந்தன. பார்த்தேன். ஒரு நொடி. பழுப்பு, சின்னது, சுருங்கியது: எய்ப்டேசியாக் குட்டிகள். படம் எடுத்துக்கொண்டேன், வெற்றியைக் குழுவில் அறிவிக்க வேண்டாமா? பிறகு ஊசியால் ஐந்தை வரிசையாகச் சுண்ணாம்பில் மூழ்கடித்தேன். ஆறாவது கொஞ்சம் உள்ளே தள்ளி, கல்லின் மடிப்புக்குக் கீழே இருந்தது. அதற்குள் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. 'இன்று ஐந்து தலைகள் உருண்டன' என்று படத்தோடு குழுவில் போட்டுவிட்டு, மூலைக் கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தேன்.

திரும்பி வந்தபோது மனைவி தையலை நிறுத்திவிட்டு என் போனில் அந்தப் படத்தை விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுக்கு முந்தி நீங்க கொன்னதுக்கெல்லாம் தண்டு இருந்துச்சே. இதுகளுக்குத் தண்டு எங்க?"

"சுருங்கியிருக்குது அம்மிணி. உனக்கு அதெல்லாம் தெரியாது."

"சுருங்கட்டும். அதுக தனித்தனியா நின்னுச்சு. இதுக ஆறும் ஒரே துணியில வெச்சுத் தெச்ச பொத்தானாட்ட இருக்குதுங்களே. இங்க பாருங்க, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவால மெல்லுசா தோல் ஓடுது."

போனை வாங்கிப் பார்த்தேன். ஓடியது. பழுப்பாக, வெங்காயச் சருகு மாதிரி ஒரு விரிப்பு கல்லோடு ஒட்டிப் படர்ந்திருந்தது. ஆறு மொட்டுகளும் அதிலிருந்துதான் எழுந்திருந்தன. எய்ப்டேசியா அப்படி வளராது. தனிக்காட்டு ராஜா அது. ஒரே விரிப்பில் கூட்டுக்குடும்பம் நடத்துவது பூப்பவளம். இது எனக்குத் தெரியும். இதைப் பத்து நாள் முன்புதான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு நான் குழுவில் வகுப்பு எடுத்திருந்தேன்.

தொட்டியைப் பார்த்தேன். ஐந்து வெள்ளைக் கட்டிகள். மடிப்புக்குக் கீழே ஒரு மொட்டு.

முதலில் செய்தது என்ன தெரியுமா? குழுவில் போட்டிருந்த படத்தை நீக்கினேன். டாக்டரும் அந்தக் குழுவில் இருந்தார். நாலைந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"அண்ணா, என்னமோ போட்டுட்டு நீக்கியிருக்கீங்க. கல்லுல ஏதாவது தெரியுதா?" குரலில் அத்தனை ஆவல். பின்னால் யாருக்கோ பல் ராவும் சத்தம் கேட்டது.

"இல்லீங்க டாக்டரம்மா. கை தவறிட்டுதுங்க. அது வந்து... ஒரு கோழிப் படமுங்க."

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊசியையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ வைத்துவிட்டாள். இன்று வரை எங்கே என்று சொல்லவில்லை.

அதன் பிறகு காத்திருப்பு. காத்திருப்பது எனக்குத் தெரியாத வேலை. கோழிக்குஞ்சு விஷயத்தில் முதல் நாளோடு சரி. மறுநாள் இறகுகள் வளர்ந்து எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும், பிறகு யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் பார்க்கிறவன்தான் கெட்டிக்காரன். இதுவோ சீக்கிரம் பார்ப்பவனை முட்டாளாக்கும் சாதி. திறந்தால்தான் முகம். திறக்க வேண்டுமென்றால் வெளிச்சமும் நீரோட்டமும் அதற்குப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லாது. கல்லை லேசாகத் திருப்பி வைத்தேன். சுண்ணாம்புக் கட்டிகளைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தண்ணீரில் கால் பங்கை மாற்றினேன். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கையக் கட்டிட்டு நிக்கறப்பத்தான் நீங்க பெரிய மனுசனாட்டத் தெரியறீங்க" என்றாள் மனைவி.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், மொட்டு வாய் திறந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பழுப்பு. விளிம்பும் பழுப்பு, நடுவும் பழுப்பு. ஊதாவும் இல்லை, ஆரஞ்சும் இல்லை.

வெட்கத்தை விட்டு, டாக்டர் இல்லாத இன்னொரு குழுவில் படத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு பதில்கள். மஜானோ என்று இன்னொரு களை உண்டு, அதுதான் இது, தொட்டி முழுவதும் பரவுமுன் கொல்லுங்கள் என்று நான்கு பேர். தெரியவில்லை, எதற்கு வம்பு, கொல்லுங்கள் என்று இரண்டு பேர். ஏழாமவர் காலை வணக்கம் சொல்லியிருந்தார்.

தீர்ப்புச் சொன்ன ஆறு பேரும் என்னை மாதிரியே இருந்தார்கள். ஒரு நொடி, ஒரு தீர்ப்பு. எனக்குக் கோபமே வந்தது. கண்ணாடி முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மனைவி ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். இந்த முறை நிறத்தைப் பார்க்கவில்லை. அடிபட்டுத் தப்பியது, வெளிச்சம் இல்லாத மடிப்பில் வளர்ந்தது, எந்த நிறத்தில் இருந்தாலும் அதை நம்பக்கூடாது. அமைப்பைப் பார்த்தேன். விரல்கள் குட்டையாக இருந்தன. வட்டின் விளிம்பில் மட்டுமே இருந்தன. மஜானோவின் விரல் நுனி குமிழ் மாதிரி வீங்கியிருக்கும், இங்கே வீக்கம் இல்லை. நடுவட்டு தட்டையாக இருந்தது. கீழே அந்தச் சருகு விரிப்பு இன்னும் உயிரோடு கல்லில் படர்ந்திருந்தது.

"விரல் எத்தனை வரிசைன்னு பாரு" என்று மனைவியிடம் கண்ணாடியைக் கொடுத்தேன்.

நிதானமாகப் பார்த்தாள். "ரெண்டு வரிசைங்க. பாவாடைக்கு ஃபிரில் வெச்சாப்ல, ஒண்ணு மேல தூக்கி, ஒண்ணு கீழ தாழ்ந்து."

இரண்டு வரிசை. பூப்பவளம்தான். குழுவில் பதில் எழுதினேன்: "பூப்பவளம். கொல்ல முடியாது." அரை மணி நேரம் பார்த்து எழுதிய மூன்றே வார்த்தைகள். என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இவ்வளவு நேரம் எடுத்து நான் எதையும் அடையாளம் சொன்னதில்லை. அன்று மதியச் சோற்றை நான் சாப்பிட்ட விதத்தைப் பார்த்துத் தேர்தலில் ஜெயித்தவன் சாப்பிடுகிறான் என்றாள் அவள்.

ஆனால் பூப்பவளத்தில் எத்தனையோ உண்டு. இது டாக்டருடையதா? அவர் தொட்டியில் வேறு பழுப்பு வகைகளும் இருந்தனவே. அது தெரியாமல் அவரைக் கூப்பிட்டு ஆசை காட்ட மனம் வரவில்லை. காட்டினால் மற்ற ஐந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று கேட்காதீர்கள்.

பிறகு ஒரு தலை இரண்டானது. இரண்டாவது தலை கண்ணாடிப் பக்கம் வந்து முளைத்தது. வெளிச்சம் பட்டதோ என்னவோ, அதன் விளிம்பில் ஒருநாள் பழுப்புக்கு அடியிலிருந்து வேறொரு நிறம் எட்டிப் பார்த்தது. மறுநாள் கொஞ்சம் கூடியது. "நாவல் பழம் தின்ன நாக்காட்ட இருக்குது" என்றாள் மனைவி. "இனி போன் பண்ணலீன்னா நானே பண்ணிப்போடுவன்."

போன் செய்தேன். "முளைச்சிருக்குதுங்க டாக்டரம்மா. உங்களுதா இல்லையான்னு நீங்கதான் வந்து பாக்கோணும்."

ஞாயிறு பூசை முடிந்த கையோடு காரில் கிளம்பி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று திண்டில் ஏறி நின்றது. தொட்டி முன் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பல் பார்க்கும்போது கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நெற்றியில் குட்டி விளக்கு. என் கோமாளி மீன்கள் இரண்டும் பயந்து மூலைக்குப் போயின.

நான் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டேன். இல்லையென்றால் ஒருபோதும் பேசியிருக்க மாட்டேன். "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லோணும். இது ஆறு இருந்துச்சுங்க. அஞ்ச நானே கொன்னுபோட்டன். களைன்னு நெனச்சுச் சுண்ணாம்பு வெச்சுட்டன். அன்னிக்குக் கோழிப் படம்னு சொன்னது பொய்யுங்க."

அவர் திரும்பவில்லை. கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிப் போனார். மனைவி தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்தபடி நின்றாள்.

"வாய் வட்டமா இல்லை" என்றார் கடைசியில். "கீற்றா இருக்கு. ஒரு ஓரம் கொஞ்சம் மேல ஏறியிருக்கு, ஒரு பக்கமாச் சிரிக்கிற மாதிரி. எல்லாத் தலைக்கும் அப்படித்தான் இருக்கும். பதினோரு வருஷம் காலையில கிளினிக் திறந்ததும் இந்தச் சிரிப்பைத்தான் அண்ணா முதல்ல பார்ப்பேன்." நெற்றி விளக்கை அணைத்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், அது எவ்வளவோ சுத்தமாக இருந்தும். "என்னோடதுதான்."

"அந்த அஞ்சுங்க..." என்றேன்.

"நான் பேட்டரியைப் பார்க்காம விட்டு நூத்துக்கணக்குல கொன்னேன். நீங்க அஞ்சு. யார் யாரைத் திட்டறது?" என்றவர், சட்டென்று குரலை மாற்றினார். "ஆமா, கையுறை போட்டீங்களா?"

"எதுக்குங்க?"

"இதோட சாறு கொடிய விஷம் அண்ணா. கண்ணுலயோ புண்ணுலயோ பட்டா ஆஸ்பத்திரிதான். வெறுங்கையோடயா ஊசி வெச்சீங்க?"

மனைவி என் பக்கம் திரும்பிய பார்வையை விவரிக்காமல் விட்டுவிடுகிறேன்.

கல்லை எடுத்துப் போகச் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். மூன்று தலைகூட ஆகாததை இப்போது இடம் மாற்றினால் தாங்காது, இங்கே பிடித்துத்தானே திறந்திருக்கிறது, இங்கேயே வளரட்டும் என்றார். "கேட்டவங்களுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுத்திருந்தா இன்னிக்குப் பத்து ஊர்ல இருந்திருக்கும். இனிமே அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்." விரல் வரிசையை எண்ணிக் கண்டுபிடித்த கதையை எங்களிடம் கேட்டுக்கொண்டவர், காரில் ஏறி ஜன்னலை இறக்கிச் சொன்னார்: "நிறத்தைப் பார்த்து ஏமாறாம விரலைப் பார்த்துச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு நான் தொப்பியைக் கழட்டணும். தொப்பி இல்லை."

அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "ஏனுங்க, இடுப்புப் புடிச்சுக்கிச்சுங்களா?" என்று விசாரித்தார். நெஞ்சை நிமிர்த்தினால் எனக்கு அப்படித்தான் வருகிறது.

அந்த வருடம் முடிவதற்குள் பதினாறு தலைகள் ஆயின. டாக்டர் புதுத் தொட்டி வைத்து, இரண்டு பேட்டரி மாட்டி, தண்ணீரைப் பக்குவப்படுத்தி முடித்த பிறகு மறுபடி வந்தார். சாப்பாட்டு மேசையை என் மனைவி தரமாட்டேன் என்றுவிட்டாள், விஷம் என்று தெரிந்த பிறகு யார் தருவார்கள்? கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல் மேல் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் கையுறை, முகக்கவசம், கண்ணாடியோடு கத்தியைப் பிடித்தார். நான் கல்லைப் பிடித்தேன். ஒரு நாள் குஞ்சை நசுங்காமல் நழுவாமல் பிடித்துப் பழகிய கை அசையவே இல்லை. அவரே கவனித்துச் சொன்னார், "உங்களை மாதிரி ஒருத்தர் கிளினிக்குக்குக் கிடைச்சா நல்லா இருக்கும்." விரிப்பை நடுவில் அறுத்து எட்டு அவருக்கு, எட்டு எங்களுக்கு.

நான்காம் நாள் குழுவில் அவர் படம் போட்டார். ஃபேர்லேண்ட்ஸ் தொட்டியில் எட்டும் விரிந்திருந்தன. ஊதாவும் ஆரஞ்சும் எரிந்தன. கீழே எழுதியிருந்தார்: 'சொந்த ஊர் நாமக்கல். அடையாளம் கண்டவர் நம் மாஸ்டர்.'

கடல் இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் பல மணி நேரத் தூரம். எங்கள் ஊரிலிருந்து முட்டை போகும், லாரி போகும், போர்வெல் வண்டி போகும். கடல் பூ போனது என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். படத்தை மனைவியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அடையாளம் கண்டது நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நியாயமான கேள்வி. போனை வாங்கி, டாக்டரின் செய்திக்குக் கீழே, இந்த முறை நிதானமாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் தட்டினேன்: 'முதலில் கண்டது என் மனைவி. அதற்கு முன் ஐந்தைக் கொன்றது நான்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அதை மட்டும் அப்படியே தன் பிறந்த வீட்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தைக்கப் போனாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வாழப்பாடியிலிருந்து மைத்துனன் பதறிப்போய்க் கூப்பிட்டான்.

"மாமா, அஞ்சு பேரையா? வக்கீலப் பார்க்கணுமா, சொல்லுங்க!"

"முதல்ல உக்காரு மாப்ள" என்றேன். "இது கொஞ்சம் பெரிய கதை. நல்லா இருக்கும்."